கேட்டில் கூப்பிட்ட பெயர்

பெரியப்பா செத்து எட்டாவது மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. "உங்கள் இறுதி யாத்திரையை இன்றே திட்டமிடுங்கள், குடும்பத்தார் மேல் சுமையை வைக்காதீர்கள்" என்று மலாயில் அச்சடித்து, மேலே ஒரு மலையும் அந்தி வெயிலும் போட்டிருந்தார்கள். ஈமச்சடங்குகளை முன்கூட்டியே பதிவு செய்யும் கம்பெனியாம். சீக்கிரம் சேர்ந்தால் பத்து விழுக்காடு கழிவு. பெரியப்பாவை விடச் சீக்கிரமாக யார் சேர்ந்திருக்க முடியும்? ஆனாலும் கழிவு கிடைக்கவில்லை.

வந்த தபாலுக்கெல்லாம் முழுக்காரணம் அவரேதான். நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வேலை முடிந்ததும் ஜாசினில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு வாங்கிக் கொண்டு வந்துவிட்டார். அவருக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரே பழக்கம், பரிசுப் போட்டி. காப்பித்தூள் பொட்டலத்தின் ஓரத்தை வெட்டுவார், பற்பசைப் பெட்டியின் மூடியைக் கிழிப்பார், பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பி அனுப்புவார். முப்பது வருடத்தில் ஒரு குடை கிடைத்தது. வெயில் இல்லாத, மழையும் இல்லாத நாளில்கூட அதைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போவார். அந்த ஒரு குடைக்காக நாட்டில் இருக்கிற அத்தனை கம்பெனிக்கும் தன் பெயரையும் வாசலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

நான் அவர் தம்பி மகன். எஸ்பிஎம் பரீட்சையில் நான் எழுதிய மலாய்க் கட்டுரையைத் திருத்தியவர் இன்னும் எங்காவது வைத்தியம் எடுத்துக்கொண்டிருப்பார். ஜாசினில் மோட்டோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை கிடைத்ததும், தோட்டத்திலிருந்து தினமும் வந்துபோக முடியாது என்று அப்பா என்னைப் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். கடைக்கும் வீட்டுக்கும் ஐந்து நிமிடம். காலை பதினொரு மணிக்குப் பசியாற வீட்டுக்கு வந்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கதை முழுக்க என் கண்ணெதிரே நடந்தது.

அதே பதினொரு மணிக்குத்தான் தபால்காரர் வருவார். மலாய்க்காரர், வயதானவர், நான் பாக்சிக் என்று கூப்பிடுவேன். கேட்டுக்கு வெளியே மோட்டோவை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்து, கவரில் இருக்கிற பெயரை முழுசாகப் படிப்பார். பெரியப்பா பெயர், இன்னார் மகன் என்கிற அனாக் லெலாக்கி, தாத்தா பெயர் எதையும் விடமாட்டார். பெரியப்பா செத்தது அவருக்குத் தெரியும். சாவுக்கு வந்து வெளியில் போட்ட நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவர்தான்.

"பாக்சிக், ஆள் இல்லன்னு தெரியுந்தானே. அப்பறம் ஏன் சத்தம் போடறீங்க?" என்று ஒருநாள் மலாயில் கேட்டேன்.

"ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்கிறது என் வேலை இல்ல தம்பி. கவர்ல இருக்கிறத படிக்கிறதுதான் என் வேலை."

இதில் அடிபட்டது பெரியம்மாதான். சமைத்து முடித்து, குளித்து, பதினொரு மணிக்குத்தான் முதல் வாய்ச் சோறு சாப்பிடுவது அவர் வழக்கம். கேட்டில் அந்தப் பெயர் கேட்டதும் கையில் எடுத்த சோற்றோடு ஹாலில் இருக்கும் பிரம்பு நாற்காலிப் பக்கம் திரும்பி, "ஏங்க..." என்பார். நாற்காலி காலியாக இருக்கும். எடுத்த சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு, தட்டை மூடி வைத்துவிட்டு, போய்ப் படுத்துவிடுவார். வாரத்துக்கு மூன்று நாள் தபால் என்றால் மூன்று நாள் பட்டினி. எட்டு மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது.

அந்த மலைப்படம் போட்ட கடிதம் வந்த அன்றும் தட்டு மூடப்பட்டது. நான் அறை வாசலில் போய் நின்றேன்.

"வருஷ தெவசம் முடியறதுக்குள்ள இத நிப்பாட்டிருடா" என்றார் சுவரைப் பார்த்தபடி. "அதுக்கப்பறமும் வாசல்ல வந்து அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா எனக்கு ஒரு வாய் எறங்காது."

"சரி பெரிம்மா. பெரிப்பாகிட்ட சொல்லி அட்ரஸ் மாத்தச் சொல்றேன்."

தலையணை பறந்து வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார் அல்லவா, அதுவே எனக்குப் போதும்.

முதலில் மலைப்படக் கம்பெனிக்கே போன் செய்தேன். பேசியது மலாயில். என் மலாயை அச்சில் ஏற்றினால் நாட்டுக்குக் கெட்ட பெயர், அதனால் தமிழிலேயே சொல்கிறேன். ஒரு பெண் எடுத்தாள். குரலில் அப்படியொரு தேன், வாய்க்கு வாய் என்சே, அதாவது ஐயா.

"பெயரை நீக்க வேண்டுமா, என்சே? சம்பந்தப்பட்டவரோடு நான் பேசலாமா?"

"பேச முடியாது. அவர் இறந்துட்டார்."

"ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் சொந்தத் தகவல் பாதுகாப்புக்காக, நீக்கச் சொல்லி அவரேதான் கேட்க வேண்டும்."

"அவர் இறந்துட்டாருங்க."

"புரிகிறது என்சே. அவருக்கு எந்த நேரம் வசதிப்படும்?"

"இப்ப வசதியாத்தான் இருக்காரு. வேலவெட்டி ஒன்னும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. உரையாடல் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறதாம். சிரித்தால் தரம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

சரி, அவரே கேட்க வேண்டும் என்றால் அவரே கேட்டுவிடட்டும் என்று மறுநாள் நானே பெரியப்பாவானேன். லோரி எஞ்சினுக்கு மேல் கத்திப் பழகிய குரல் அவருடையது, பக்கத்தில் இருப்பவரிடம்கூட எதிர்ச்சாலையில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலைப் பேசிக்காட்டிக் குடும்பத்தைச் சிரிக்க வைத்தவன் நான். தொண்டையைச் செருமி, "ஹலோ, யாரு அங்க" என்று ஆரம்பித்து, அடையாள அட்டை எண், பிறந்த தேதி எல்லாம் ஒப்பித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போது சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம்.

பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் போனை வைத்தேன்.

"அந்தக் கொரல்ல இனிமே பேசாதடா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்படிப் பேசியதாவது பலித்ததா என்றால், பத்து நாள் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. பெரியப்பா நேரடியாகவே போன் செய்து விசாரித்ததால் அவரை "மிகுந்த ஆர்வமுள்ளவர்" பட்டியலுக்கு ஏற்றியிருந்தார்கள். பெட்டி வகைகள், பூ அலங்காரம், மூன்று விதமான வாகனம் என்று கல்யாண ஆல்பம் மாதிரி தடிமனான புத்தகம். பதிவுத் தபால் என்பதால் பாக்சிக் வழக்கத்தைவிட உரக்க, மூன்று தடவை கூப்பிட்டார். கையெழுத்து வேறு வேண்டுமாம். அன்று தட்டு மட்டுமில்லை, குண்டானையே மூடி வைத்துவிட்டுப் படுத்தார் பெரியம்மா.

அதற்குப் பிறகு நான் ஒழுங்கான வழிக்கு வந்தேன். கேட்டதும் கம்பெனி நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் அனுப்பியது. சாவு சர்ட்டிபிகேட் நகல், செத்தவரின் அடையாள அட்டையான ஐசியின் நகல், வாரிசின் பெயர், வாரிசின் ஐசி, வாரிசின் முகவரி, வாரிசின் தொலைபேசி. சாவை வைத்தே பிழைப்பவர்களுக்கும் சாவுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கிறது. வாரிசு என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன், அப்படியே நின்றேன். எனக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பெரிம்மா. அப்பாவுக்கு அண்ணி, கடைக்காரருக்கு அக்கா, பெரியப்பாவுக்கு "இந்தா". ஐசியை வாங்கிப் பார்த்துத்தான் எழுதினேன். நல்ல நீளமான பெயர். யாரோ பள்ளிக்கூட டீச்சருடைய பெயர் மாதிரி இருந்தது.

"இதுக்கு எதுக்குடா என் ஐசி?"

"ஒங்களுக்கு ஒரு பேரு இருக்காம் பெரிம்மா. கவர்மெண்டு சொல்லுது."

"போடா எரும."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. யாருக்கு? பெரியப்பாவுக்கேதான். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் காலமான செய்தி எங்களுக்குக் கிடைத்தது. தங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். இதில் தங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் தொடர்பு கொள்ளவும்." பதினான்கு நாளும் காத்திருந்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு கம்பெனிக்கே இரண்டு மாதம் ஓடிவிட்டது. மிச்சம் இருந்ததோ கால் வலித் தைலம், கடன் அட்டை, காப்புறுதி, பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் அரசியல்வாதி என்று முப்பது நாற்பது. ஒவ்வொருவருக்கும் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தால் நானும் பெரியப்பாவோடு போய்ச் சேர்ந்துவிடுவேன். அதனால் சாவி வெட்டுகிற சீனக் கடை முதலாளியான தவுக்கேயிடம் போய் ஒரு ரப்பர் சீல் செய்யக் கொடுத்தேன். மலாயில் இரண்டே வரி. "பெறுநர் இறந்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்பவும்."

தவுக்கே எழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஆபீஸ்?"

"செத்தவங்க ஆபீஸ், தவுக்கே."

"பிசினஸ் நல்லா இருக்கா?"

"குறையே இல்ல."

பாக்சிக்கோடும் ஓர் ஒப்பந்தம் போட்டேன். கேட்டில் கத்தாமல் தபாலை நேராக ரிப்பேர் கடையில் கொடுத்துவிட வேண்டும். விதி இடம் கொடுக்காது என்றார். அவருடைய மோட்டோவுக்குப் பிரேக் மாற்றிக் கொடுத்ததும் விதி கொஞ்சம் இடம் கொடுத்தது. ஆனால் பெரியப்பா பெயர் போட்டது மட்டும்தான் கடைக்கு, மற்றது வீட்டுக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்றிலிருந்து பெரியப்பாவுக்குத் தபால் வருகிற நாளில் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே பசியாறினேன், வலது கையால் ரொட்டி சானாய், இடது கையால் சீல். வீட்டில் பெரியம்மா பதினொரு மணிக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டு வாரம் எந்தத் தட்டும் மூடப்படவில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் பதினொரு கவர். எல்லாவற்றிலும் பெரியப்பா பெயர், கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியது. போனில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காமலேயே டப் டப் என்று அடித்துத் தள்ளினேன். கடைசிக் கவரைத் தள்ளும்போது விரலில் மஞ்சள் ஒட்டியது. ரொட்டிக்கு ஊற்றின டால்ச்சா குழம்பு என்று நினைத்து நக்கியும் பார்த்தேன். உப்பு இல்லையே என்று மட்டும் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காடி வந்து நின்றது. வந்தவர் பெரியப்பாவுக்குத் தங்கை முறை, எனக்கு அத்தை. செர்காம் பக்கத்தில் வீடு. மாமா காடியில் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை மட்டும் இறங்கிக் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதை இரண்டே விரலால் பிடித்திருந்தார், செத்த எலியைத் தூக்குவது போல. பைக்குள் இருந்தது கல்யாணக் கார்டுக் கவர். நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில், பிள்ளையார் படத்துக்கு நேர் மேலே, என் சீல்.

"அண்ணி, இது என்னா வேலன்னு கேக்கறேன். மஞ்ச தடவி சாமிகிட்ட வெச்சி அனுப்புன கார்டு. செத்துட்டாருன்னு சீல் அடிச்சி வீட்டுக்கு வருது. மொதல்ல யாரு கையில கெடச்சது தெரியுமா? கல்யாணப் பொண்ணு கையில."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை.

"அத்த, அதுல பொய் ஒன்னும் இல்லியே" என்றேன்.

"நீ வாய மூடு. எஸ்பிஎம் பாஸ் பண்ணத் துப்பில்ல, சீல் அடிக்க வந்துட்டான் பெரிய ஆபீசரு."

"உள்ள வந்து பேசும்மா" என்றார் பெரியம்மா. "வெயில்ல ஏன் நிக்கற."

அத்தை ஓரடி பின்னால் போனார். "இல்ல அண்ணி. கல்யாண வீடு. ஒங்களுக்கு இன்னும் வருஷம் திரும்பல. ஒங்களுக்குத் தெரியாததா."

"அதான் கார்ட போஸ்ட்ல போட்டியாக்கும்."

அத்தை பையை அடுத்த கைக்கு மாற்றினார்.

"மத்தவங்களுக்குத் தட்டுல வெச்சிக் குடுத்த, எனக்குத் தபால்காரன்கிட்ட குடுத்து வுட்ட. சரி, அது மொற. நா ஒன்னும் சொல்லல. ஆனா யாரு பேருக்குப் போட்ட?"

"அண்ணன் பேருக்குத்தான்."

"பதினாறு நாளும் இங்க ஒக்காந்து அழுதவ நீ. கம்பெனிக்காரனுக்குத்தான் அவரு செத்தது தெரியாது. ஒனக்குமா?"

"மருமவன் கம்பியூட்டர்ல மூத்தவ கல்யாண லிஸ்டு இருந்துச்சி அண்ணி. அதயே எடுத்து அடிச்சி ஒட்டிட்டான். அதுவும் இல்லாம... அண்ணன் வீடுன்னா அண்ணன் பேருதான போடுவாங்க. வேற யாரு பேரப் போடறது?"

"ஏன், எனக்குப் பேரு இல்லியா?"

அத்தை பையைத் தூக்கிக் கவரில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக அண்ணி என்று கூப்பிட்டவர். அவர் மண்டைக்குள் தேடுவது எனக்கு அப்படியே தெரிந்தது, ஏனென்றால் நானும் அதே இடத்தில் தேடியவன்தான். காடியிலிருந்து மாமா ஹாரன் அடித்தார். இந்த உலகத்தில் யாரும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோது ஹாரன்தான் அடிக்கிறார்கள்.

"இவர் பேர தெனம் வாசல்ல கூப்புட்டா எனக்குச் சோறு எறங்கலன்னுதான் இந்தப் பையன் சீலு அடிச்சான்" என்றார் பெரியம்மா. "கார்டப் பாக்காம அடிச்சது தப்புதான். ஒம்பொண்ணு மனசு சங்கடப்பட்டிருக்கும், அதுகிட்ட நா மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. ஆனா மறுபடி அனுப்பறதா இருந்தா எம்பேருல அனுப்பு. டேய், எழுதிக் குடுரா."

கடை பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பெயரை எழுதி, கேட்டுக்கு மேலே நீட்டினேன். தீட்டு வீட்டுத் தாள் என்பதால் அத்தை அதையும் இரண்டே விரலால்தான் வாங்கினார். ஆனால் வாங்கிப் படித்தார். உதடு அசைந்தது.

"நல்ல பேருதான் அண்ணி" என்று சொல்லிவிட்டுக் காடியில் ஏறினார்.

காடி போன பிறகு பெரியம்மா என் காதைத் திருகினார். நன்றாக, நிதானமாக, இரண்டு காதையும்.

அதற்கடுத்த வாரம் ஒரு பதினொரு மணிக்கு, பெரியம்மா தட்டோடு உட்காரவும் கேட்டில் ஹாரன் கேட்டது. பிரேக் மாற்றிக் கொடுத்த நன்றிகூட இந்த மனுஷனுக்கு இல்லையா என்று எழுந்தேன். பாக்சிக் பெயரைப் படித்தார். நீளமான பெயர், அனாக் பெரம்புவான் என்று ஒரு பெண்ணுடைய பெயர்.

பெரியம்மா நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாருக்கோ வந்தத மாத்திக் கொண்டாந்துட்டான். அடுத்த வீட்டுல கேக்கச் சொல்லு" என்றார்.

"பெரிம்மா, அது நீங்கதான்."

பிசைந்த கை நின்றது. பாக்சிக் மறுபடி கூப்பிட்டார். பெரியம்மா எழுந்து கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார். நான் வாங்க நீட்டிய கையைத் தட்டிவிட்டார். இரண்டு கவர். ஒன்று ரோஸ் நிறம், நான்கு மூலையிலும் மஞ்சள். இன்னொன்று பதிவுத் தபால். கையெழுத்துப் போடச் சொன்னார் பாக்சிக். பெரியம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் போட்டார். பாக்சிக் அவசரப்படுத்தாமல் நின்றார்.

இரண்டாவது கவரின் மேலே மலையும் அந்தி வெயிலும். எனக்குப் புரிந்துவிட்டது. பாரத்தில் நான் எழுதிய வாரிசின் பெயர், வாரிசின் முகவரி. பெரியப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரியம்மாவை வைத்திருக்கிறார்கள். பட்டியலில் ஓர் ஆள்கூடக் குறையக் கூடாது போலிருக்கிறது.

"அது குப்ப பெரிம்மா, குடுங்க. சீல் அடிச்சி..."

"அதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். செத்துட்டாருன்னு அடிப்பியா? உசுரோட ஒக்காந்து சோறு தின்னுட்டிருக்கேன். எம்பேருக்கு வந்துருக்கு, எனக்கு வேணும்."

திரும்ப வந்து உட்கார்ந்தார். கல்யாணக் கார்டைச் சாமி மேடையில் வைக்கச் சொன்னார். மலைப்படக் கவரைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

"என்னா போட்டுருக்கான், படி."

எடுத்துப் பார்த்தேன். உங்கள் இறுதி யாத்திரையை இன்றே திட்டமிடுங்கள்.

"டூர் கம்பெனி மாரி தெரியுது பெரிம்மா."

"எங்க கூட்டிட்டுப் போறானாம்?"

"மலப் பக்கம். சீக்கிரம் சேந்தா பத்து பர்சன் கழிவாம்."

பெரியம்மா ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். "இப்ப என்னா அவசரம். கல்யாணம் முடியட்டும், சாவகாசமா பாக்கலாம்" என்று சொல்லி, அப்பளத்தை நொறுக்கினார்.